அம்மா நடுவில்தான் இருக்கிறாளா?

ஜூன் 7, சனி

இன்று உட்கார்ந்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

நான் பாடம் எடுக்கும் டிரைவிங் ஸ்கூலில் மகனைச் சேர்க்க நினைக்கும் ஒருவரோடு போனில் பேசிக்கொண்டே வீட்டுக்குள் வந்தேன். "ஸ்டியரிங்கெல்லாம் அப்புறம்தான் சார். மொதல்ல சீட்டு. உக்காரறதுக்கு முன்னாடி சீட்டைத் திரும்பிப் பாக்கணும், அதுதான் எங்க முதல் பாடம்" என்று சொல்லியபடியே சோபாவில் உட்கார்ந்தேன். அடியில் 'மடக்' என்று ஒரு சத்தம். இடுப்பெலும்பு போய்விட்டது என்று பயந்தேன். இடுப்பு இல்லை என்று தெரிந்ததும் சந்தோஷப்பட்டேன். எழுந்து பார்க்கும் வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம்.

என் மகளின் ஹெட்ஃபோன்.

"அப்பா! பாத்து உக்காரக் கூடாதா?" என்று வினு போட்ட சத்தம் போனுக்கும் கேட்டிருக்கிறது. "நாங்க யோசிச்சு சொல்றோம் சார்" என்று அந்த ஆள் வைத்துவிட்டார்.

ஹெட்ஃபோனில் வலது பக்கம் செத்துவிட்டது. இடது பக்கம் மட்டும் ஒன்றும் நடக்காதது போலப் பாடிக்கொண்டிருக்கிறது.

வினு என்கிற வினோதினி எங்களுக்கு ஒரே பிள்ளை. பி.காம். முடித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டு செய்கிறாள். எலக்ட்ரானிக் மியூசிக். மேளமும் கிடையாது, பாடகரும் கிடையாது. எங்கள் வீட்டுக் குக்கரின் விசில், கேஸ் லைட்டரின் 'டிக் டிக்', என் மனைவி பூங்கொடி சமையலறையிலிருந்து போடும் "எத்தனை விசில் ஆச்சு?" என்கிற கூப்பாடு, இதையெல்லாம் அம்மாவுக்கே தெரியாமல் பதிவு செய்து, கீழே வயிறு அதிர ஒரு 'தும் தும்' கொடுத்து, ஆடுகிற மாதிரி ஒன்று பண்ணியிருக்கிறாள். பெயரும் 'எத்தனை விசில்'தான். பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனி புது ஆட்களின் பாட்டுகளைச் சேர்த்து ஆல்பம் போடுகிறது. இவளுடையதையும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கடைசிப் பக்குவம், அதற்கு மாஸ்டரிங் என்று பெயராம், அது சரியாக வந்தால்தான் உள்ளே. ஜூன் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். ஆல்பத்தில் வராவிட்டால் ஜூலை ஒன்றாம் தேதி நாமக்கல்லில் மாமாவின் கோழித்தீவன ஆபீஸில் உட்காருவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

இந்த நேரத்தில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

பெங்களூர்க்காரர் ஏற்கெனவே ஒரு தடவை பாட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அது எனக்கு இன்றுதான் தெரியும்.

"விசிலை ரொம்ப அகலமா விரிச்சுட்டேன்ப்பா. ஸ்டீரியோவுல கேட்டா ரூம் சுவரையே தாண்டிக் கேக்குது. மோனோவுல போட்டா விசிலையே காணோமாம்."

"மோனோன்னா?"

"ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கொட்டி ஒரே ஸ்பீக்கர்ல விடறது. பேக்கரியில, டவுன் பஸ்ஸுல, உங்க ஓட்டை போன்ல எல்லாம் அப்படித்தான் கேக்கும்."

"ரெண்டையும் ஒண்ணாக் கொட்டினா டபுளாத்தானே வரணும்? எப்படி காணாமப் போகும்?"

என் காலைக் காட்டினாள். "உங்க வண்டியில உங்க காலுகிட்டயும் ஒரு பிரேக் இருக்குல்ல? ஸ்டூடண்ட் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறாரு. அதே நேரம் நீங்க பிரேக்கை மிதிக்கிறீங்க. ரெண்டு பேருமே வேலை செய்யறீங்க. வண்டி?"

"உறுமும். நகராது."

"அதுதான் ஃபேஸ் பிராப்ளம். இந்தப் பக்கம் தள்ளும்போது அந்தப் பக்கம் இழுக்குது. தனித்தனியா இருக்கிற வரைக்கும் ரெண்டும் நல்லாத்தான் இருக்கும். சேத்தாத்தான் ஒண்ணுமில்லாமப் போகும்."

எங்கள் சொந்தத்தில் இரண்டு மூன்று தம்பதிகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். பெயர் வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கும் ஹெட்ஃபோனை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் சண்டை போடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? "நான் பாத்துக்கறேன் சாமி" என்று வினுவிடம் சொல்லியிருக்கிறேன். பூங்கொடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் 'பாத்துக்கறேன்' என்று சொன்ன மிக்ஸி இன்னும் பரணில் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

ஸ்பீக்கர் வந்துவிட்டது! கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டும் முபாரக் தன் கடையில் சும்மா கிடந்த இரண்டு நல்ல ஸ்பீக்கரையும் ஒரு ஆம்ப்ளிஃபயரையும் கொடுத்துவிட்டான்.

"நானே வந்து மாட்டித் தரேண்ணே. ஒயர் பாத்து மாட்டணும்."

"தம்பி, தெனமும் பேட்டரியோட குடும்பம் நடத்தறவன் நான். எனக்கே ஒயரா?"

"ரெண்டு ஒயரும் ஒரே கலருண்ணே. ஒண்ணுல மட்டும் முடி மாதிரி ஒரு கோடு ஓடும். அது சிவப்புல போகணும், இன்னொண்ணு கருப்புல. ரெண்டு ஸ்பீக்கர்லயும் அதே மாதிரி."

"தெரியும் தெரியும்."

வீட்டுக்கு வந்து மேசையின் இரண்டு பக்கமும் ஸ்டூல் போட்டு, ஸ்பீக்கர்களை ஏற்றி, பின்னால் குனிந்தேன். கண்ணாடி போட்டுக்கொள்ளும் வயது எனக்கு இன்னும் வரவில்லை என்று பூங்கொடியிடம் போன மாதம்தான் வாதாடி ஜெயித்திருந்தேன். ஜெயித்த கையோடு போட்டுக்கொள்ள முடியுமா? இடது ஸ்பீக்கரின் ஒயரில் கோடு தெரிந்தது. வலது ஸ்பீக்கரின் ஒயரில் தெரிந்த மாதிரி இருந்தது. மாட்டி முடித்தேன்.

வினு என்னை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பாட்டு ஆரம்பித்தது. லைட்டர் டிக்டிக்கியது. "எத்தனை விசில் ஆச்சு?" என்று குரல் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். பூங்கொடி வேலை பார்க்கும் அங்கன்வாடியிலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை.

"அம்மா எங்கப்பா கேக்கறா?"

கேட்டபோது அவள் முகம், ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டுப் போட்டுக் காட்டிவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்க்கும் என் ஸ்டூடண்ட்களின் முகம் மாதிரியே இருந்தது. குரலும், பேஸ் என்கிற அந்தத் 'தும் தும்' சத்தமும் நடுவில் நிற்க வேண்டும் என்று காலையில் அவளே சொல்லியிருந்தாள். பதில் தெரிந்த கேள்விக்கு எதற்கு யோசனை?

"நடுவுல."

"கரெக்டா?"

"நட்ட நடுவுல."

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "எனக்கு அப்படித் தோணலையே. புது ஸ்பீக்கர், பழகலை போல."

ஜூன் 11, புதன்

பூங்கொடி சொன்ன எதையும் இன்று வாங்கி வரவில்லை. நான் வண்டியைக் கிளப்பி, கேட்டைத் தாண்டி, முதுகைக் காட்டிய பிறகுதான் அவளுக்குப் பேச்சு வரும். முதுகுக்கு ஞாபகசக்தி குறைவு.

ஜூன் 13, வெள்ளி

வினு கண்டுபிடித்துவிட்டாள்!

"விசில்ல பிராப்ளமே இல்லப்பா. இந்த ஸ்பீக்கர்ல அது கெட்டியா நடுவுல நிக்குது. அம்மாவும் பேஸும்தான் நிக்க இடமில்லாம அலையறாங்க. நான்தான் எங்கயோ மாத்தி வச்சிருக்கேன்."

திரையில் ஒரு சின்ன பட்டனை அழுத்தினாள். ஒரு பக்கத்துச் சத்தத்தை மட்டும் தலைகீழாகத் திருப்பும் பட்டனாம். உடனே பூங்கொடியின் குரல் வந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. பேஸும் வயிற்றில் வந்து இடித்தது. இந்தத் தடவை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு உறுத்தல். திரையின் அடியில் ஒரு மீட்டர். எல்லாம் சரியாக இருந்தால் முள் வலப்பக்கம் சாய வேண்டுமாம். அது இடப்பக்கச் சிவப்பில் போய்ப் படுத்துக் கிடந்தது.

இது எனக்குத் தெரிந்த விஷயம். "சாமி, நம்ம ஸ்கூல் வண்டியில பெட்ரோல் முள்ளு ரெண்டு வருஷமா சிவப்புலதான் படுத்திருக்கு. டேங்க் ரொம்பினாலும் அங்கதான். முள்ளை நம்பினா வண்டி ஓட்ட முடியுமா? காதை நம்பு."

"டியூட்டோரியல்லயும் அதான்ப்பா சொல்றாங்க, காதை நம்புன்னு."

டியூட்டோரியல்காரர்களும் நானும் ஒரே மாதிரி யோசிக்கிறோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஜூன் 15, ஞாயிறு

மோனோவில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு சுருக்கு வழி இருக்கிறதாம். பக்கத்து ரூமில் நின்று கேட்பது. தள்ளி நின்றால் இரண்டு ஸ்பீக்கரும் கலந்து ஒன்றாகத்தான் காதுக்கு வரும். ஆகவே நான் சமையலறையில் நிறுத்தப்பட்டேன். அங்கே பூங்கொடி இருந்தாள், குக்கர் இருந்தது.

பாட்டு ஓடியது. ஒன்றும் காணாமல் போகவில்லை. விசில் இருந்தது, பேஸ் இருந்தது, அவளும் இருந்தாள்.

"இது யாரு? நானா? ஏண்டி, என்னைக் கேக்காம எதுக்குடி புடிச்சே?"

"நல்லா இருக்கும்மா உன் வாய்ஸ்!"

"குழாயடிச் சண்டை மாதிரி இருக்கு. முன்னாடியே சொல்லியிருந்தா கொஞ்சம் பதமாக் கேட்டிருப்பேன்ல?"

கோபம் மாதிரிதான் இருந்தது. ஆனால் இன்னொரு தடவை போடச் சொன்னாள். அதற்குப் பிறகு இன்னொரு தடவை. மத்தியானம் சாப்பாட்டில் அரிசி அரிசியாகவே இருந்தது. பாட்டில் வந்த விசிலையும் சேர்த்து எண்ணி அடுப்பை அணைத்திருக்கிறாள். மூன்று பேரும் மென்றோம்.

ஜூன் 16, திங்கள்

பாட்டு பெங்களூருக்குப் போய்விட்டது. எனக்கும் போனில் ஒன்று அனுப்பினாள். "மாஸ்டர் பண்ணினதை போன்ல கேட்டு எடை போடக் கூடாது" என்று எச்சரித்தாள். நான் எங்கே எடை போடப் போகிறேன், பீற்றிக்கொள்ளத்தானே.

ஜூன் 18, புதன்

புது ஸ்டூடண்ட் ரெஜினா டீச்சர். ரிட்டயர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸ். இந்த வயதில் கார் வேண்டாம் என்று பிள்ளைகள் சொன்னார்களாம், அதனாலேயே வந்து சேர்ந்துவிட்டார். கியரை சாக்பீஸ் மாதிரி இரண்டு விரலில் பிடிக்கிறார். "இண்டிகேட்டர் போடலை டீச்சர்" என்றால், "போட நினைச்சேன் சார், அதுக்குள்ள நீங்க பேசிட்டீங்க" என்கிறார். என் மனைவி ஒரு டான்ஸ் பாட்டில் இருக்கிறாள் என்று சொன்னேன். "அடுத்த தடவை கட்டாயம் போட்டுக் காட்டணும் சார்" என்றார்.

ஜூன் 20, வெள்ளி

பாட்டு திரும்பிவிட்டது.

போன தடவை விசில் மட்டும்தான் மோனோவில் காணாமல் போனதாம். இந்தத் தடவை குரலும் போச்சு, பேஸும் போச்சு என்று பெங்களூர்க்காரர் எழுதியிருக்கிறார். இன்னும் ஒரு தடவை பார்ப்பாராம். அதுவும் இப்படி இருந்தால் ஆல்பத்தில் இடமில்லை.

"சமையலறையில நல்லாத்தானே கேட்டுச்சு?" என்றேன்.

"அதாம்ப்பா புரியலை. நான் ஒரு நாளைக்கு எதையும் கேக்கப் போறதில்ல." கம்ப்யூட்டர் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டாள்.

இதற்கென்றே காத்திருந்த மாதிரி பூங்கொடியின் அண்ணன், என் மச்சான் சென்னிமலை, நாமக்கல்லிலிருந்து போனில் பேசினார். "பாப்பாவுக்கு ஏசிக்குக் கீழேயே சீட்டு போட்டிருக்கேன் மாப்பிள்ளை."

ஜூன் 21, சனி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

ஏற்காடு ரோட்டில் ரெஜினா டீச்சர் அருமையாக ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி இரண்டு தடவை குலுங்கி நின்றுவிட்டது. "நான் ஒண்ணும் பண்ணலை சார்" என்றார். அவர் ஒன்றும் பண்ணவில்லைதான். பெட்ரோல் இல்லை. முள் வழக்கம்போல் சிவப்பில்தான் கிடந்தது, நானும் வழக்கம்போல் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஸ்கூல் முதலாளிக்கு போன் போட்டால், "வியாழக்கிழமை மீட்டரை ரிப்பேர் பண்ணியாச்சே, உங்ககிட்ட சொன்னேனே" என்கிறார். என் முதுகிடம் சொல்லியிருப்பார்.

பெட்ரோல் வாங்கி வரச் சொல்லி முபாரக்கைக் கூப்பிட்டுவிட்டு, நான்கு பக்கமும் இண்டிகேட்டரை மினுக்க விட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தோம். நேரம் போக வேண்டுமே. போனில் பாட்டைப் போட்டேன். என் போனில் ஒரே ஒரு ஸ்பீக்கர், அதுவும் மாவு சலிக்கிற சல்லடை மாதிரி.

டிக் டிக். டிக் டிக். டிக் டிக்.

டீச்சர் காதைக் கிட்டே கொண்டுவந்தார். "வீட்டுக்காரம்மா எப்ப சார் வருவாங்க?"

"இப்ப வந்துருவா டீச்சர்."

டிக் டிக். டிக் டிக். பாட்டே முடிந்துவிட்டது.

"லைட்டர் நல்லாக் கேக்குது சார்" என்றார் டீச்சர், மார்க் போடுகிற மாதிரி. "ஆனா அடுப்பு கடைசி வரைக்கும் பத்திக்கவே இல்லையே?"

பெங்களூர்க்காரர் சொன்னது பொய்யில்லை. அப்படியென்றால் வினுவின் முள் சொன்னதும் பொய்யில்லை. என் வண்டி முள்ளும் இன்றைக்குப் பொய்யில்லை. ஆக, இதில் பொய் சொல்வது யார்?

முபாரக் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றினான். வண்டி கிளம்பவில்லை. மினுக்கி மினுக்கியே கிழட்டு பேட்டரி இறங்கிவிட்டது. அவன் தன் வேனிலிருந்து கேபிளை எடுத்தான். ஸ்டூடண்ட் பக்கத்தில் இருக்கும்போது எனக்குச் சும்மா நிற்க வராது.

"நல்லாப் பாத்துக்குங்க டீச்சர். பேட்டரின்னு வந்துட்டா ஒரே பாடம்தான். சிவப்பு சிவப்போட, கருப்பு கருப்போட. இதை மட்டும் மாத்தி மாட்டிட்டோம்னா..."

அங்கேயே நின்றுவிட்டேன்.

"மாத்திட்டா என்ன சார் ஆகும்?" என்றார் டீச்சர்.

"அண்ணே, கிளிப்பைக் குடுங்க. என்ன சிலை மாதிரி நிக்கறீங்க?" என்றான் முபாரக்.

டீச்சரை இறக்கிவிட்ட பிறகு அவனிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். "ஏன் தம்பி, ஸ்பீக்கர்ல ஒரு பக்கம் மட்டும் ஒயர் மாறிட்டா புகையும்ல?"

"புகையெல்லாம் வராதுண்ணே. பாடும். ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கும், அவ்வளவுதான். நடுவுல நிக்க வேண்டிய குரல் நிக்காது, எங்கயோ தலைக்குப் பின்னால சுத்தும். தப்பா இருக்கிறது சரியாக் கேக்கும், சரியா இருக்கிறது தப்பாக் கேக்கும். ஏண்ணே?"

"சும்மா."

வீட்டில் வினு இல்லை, அம்மாவோடு கடைக்குப் போயிருந்தாள். பூங்கொடியின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்தேன். இடது பக்கம், கோடு போட்ட ஒயர் சிவப்பில். வலது பக்கம், கோடு போட்ட ஒயர் கருப்பில். கண்ணாடி போட்டால் அந்தக் கோடு முடி மாதிரி எல்லாம் இல்லை, ஹைவேயில் போட்ட கோடு மாதிரி இருக்கிறது.

கழற்றி மாற்றி மாட்டினேன். கண்ணாடியை இருந்த இடத்தில் வைத்தேன். ஒன்றும் நடக்காதது போல வெளியே வந்து பேப்பர் படித்தேன். சரிசெய்தாகிவிட்டது. இனி எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

ஜூன் 22, ஞாயிறு

தானாகச் சரியாகவில்லை.

வினு துண்டை எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டாள். நான் கதவோரம் நின்றேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"அப்பா, இதைக் கேளுங்க. அம்மா எங்கயோ பின்னாடி இருக்கா. பேஸே இல்லை. இதையாப்பா நான் நல்லா இருக்குன்னு அனுப்பினேன்?"

"ஸ்பீக்கர் சூடாகியிருக்கும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

"போன வாரம் இதே இடத்துல உக்காந்து கேட்டேன். அவ்வளவு நல்லா இருந்துச்சு. ஸ்பீக்கர் அதே, பாட்டு அதே. மாறினது என் காதுதான்." பாட்டை நிறுத்தினாள். "காதை நம்புன்னு சொல்றாங்க. நம்பறதுக்கு ஒரு காது வேணும்ல?"

அவள் காதில் தப்பில்லை. தலைகீழ் ஸ்பீக்கருக்குத் தகுந்த மாதிரி திருப்பி வைத்த பாட்டு, நேரான ஸ்பீக்கரில் தலைகீழாகக் கேட்கிறது. ஸ்பீக்கரில் தப்பு. இல்லை, ஸ்பீக்கரிலும் தப்பில்லை.

ஜூன் 23, திங்கள்

வினுவே மாமாவுக்கு போன் போட்டு, "ஒண்ணாம் தேதி வந்துடறேன் மாமா" என்றாள். அழுதிருந்தால் தேவலை. அழாமல் சொன்னாள். சாப்பிடவும் இல்லை. நான் சாப்பிட்டேன், அவள் பங்கையும் சேர்த்து. எனக்குப் பதற்றம் வந்தால் பசிக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் பூங்கொடியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிபனுக்கு வந்தேன். "யாருங்க நீங்க, யாரைப் பாக்கணும்?" என்றாள் பூங்கொடி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்து அவளும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

வினு அறைக்குப் போனேன். "சாமி, பாட்டைப் போடு. எதுவும் கேக்காதே. போடு."

போட்டாள். பூங்கொடியின் குரல் பின்னால் எங்கேயோ அலைந்தது. பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, வலது ஸ்பீக்கரின் பின்னால் குனிந்து இரண்டு ஒயரையும் இடம் மாற்றினேன். மறுபடி போடச் சொன்னேன். குரல் நடுவில் வந்து நின்றது, பேஸ் வயிற்றில் இடித்தது. வினு எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்பா, என்ன பண்ணினீங்க?"

"இப்ப ஒண்ணும் பண்ணலை. அன்னைக்குத்தான் பண்ணினேன். மாட்டும்போதே தலைகீழா மாட்டிட்டேன். கோடு தெரியலை. கண்ணாடி போடலை. உன் காதுல ஒரு குறையும் இல்ல சாமி. தப்பான ஸ்பீக்கர்ல சரியாக் கேட்டிருக்கே."

அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"சனிக்கிழமை."

"சனிக்கிழமையேவா? தெரிஞ்சு, நான் இல்லாதப்ப மாத்தி வச்சிட்டீங்களா?"

"சரியாயிடும்னு நினைச்சேன்."

"ஒயரை மாத்தி மாட்டினது பரவால்லப்பா. யார் வேணா மாட்டலாம். ஆனா மூணு நாளா நான் என்னைச் செவிடுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு, ஸ்பீக்கர் சூடாயிடுச்சுன்னீங்க."

கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டேன். ஒயரை மறுபடி சரியாக மாற்றி மாட்டினேன். அவள் டார்ச் அடித்து இரண்டு தடவை பார்த்த பிறகுதான் நகர்ந்தாள்.

வாசலில் பூங்கொடி நின்றிருந்தாள். "ஊருக்கெல்லாம் லெஃப்ட்டு ரைட்டு சொல்லிக் குடுக்கிற ஆளு" என்றாள். அத்தோடு சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் கணக்குக்கு இது பெரிய கருணை.

ஜூன் 25, புதன்

வினு என்னோடு பேசுவதில்லை. பூங்கொடி வழியாகத்தான் வருகிறது.

"அம்மா, அவருகிட்ட சொல்லு, மாமாவுக்கு போன் போட்டு நான் ஒண்ணாம் தேதி வரலைன்னு சொல்லச் சொல்லு."

"ஏங்க, மாமாவுக்கு..."

"கேட்டுச்சு கேட்டுச்சு."

மச்சானுக்கு போன் போட்டேன். "ஏசி சீட்டு மாப்பிள்ளை!" என்றார். "தப்பு என்னுது மச்சான், ஒயரை மாத்தி மாட்டிட்டேன்" என்றேன். ஏசி ஒயரையா என்று கேட்டார். விளக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

நேற்றிலிருந்து வேலை மும்முரம். திருப்பி வைத்த குரலையும் பேஸையும் பழையபடி நேராக்கிவிட்டாளாம். அது சுலபம். விசில்தான் உண்மையான நோயாளி. முதலில் பெங்களூர்க்காரர் சொன்னது அதைத்தானே. ஒரு விசிலை நடுவில் கெட்டியாக நிறுத்தி, இரண்டு பக்கமும் அதன் சாயலை மட்டும் மெல்ல விரித்து, மோனோவில் கேட்டு, குறைத்து, மறுபடி கேட்டு என்று இரண்டு நாள். அகலத்தில் பாதி போய்விட்டதே என்று முனகினாள். "ரோடு முழுக்க எடுத்துக்கிட்டுத் திரும்பறவன் எதிர்ல வண்டி வந்தா மாட்டிக்குவான்" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"அம்மா, அவரு சொல்றது சரிதான்னு அவருகிட்ட சொல்லிடு."

முள் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இந்தத் தடவை நான் அதை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஜூன் 28, சனி

வினு கை நீட்டினாள். "உங்க ஓட்டை போனைக் குடுங்க." நேராக என்னிடமே சொன்னாள்.

பாட்டை அதில் போட்டாள். டிக் டிக். விசில் வந்தது. தும் தும், சல்லடைக்குள் முடிந்த வரைக்கும் வந்தது. "எத்தனை விசில் ஆச்சு?" முழுசாக, கோபத்தோடு, பூங்கொடியே வந்தாள்.

"அனுப்பிடட்டுமாப்பா?"

"அனுப்பு சாமி."

ஜூன் 29, ஞாயிறு

வண்டிக்குப் பெட்ரோல் போட்டேன். முள் ஏறியது. அது ஏறுவதை நின்று வேடிக்கை பார்த்தேன்.

ஜூலை 2, புதன்

வந்துவிட்டது! ஆல்பத்தில் இரண்டாவது பாட்டு. 'அம்மா நடுவில் தெளிவாக இருக்கிறார், விசிலும் எங்கேயும் போகவில்லை' என்று பெங்களூர்க்காரர் எழுதியிருக்கிறார். வினு குதித்த குதியில் ஸ்டூல் ஆடியது. நான் ஓடிப்போய் ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டேன், ஒயரைத் தொடாமல்.

பூங்கொடி அங்கன்வாடிக்கு போன் போட்டு ஆயாம்மாவிடம் சொன்னாள். அண்ணனுக்கும் அவளே சொன்னாள். ரெஜினா டீச்சருக்கு நான் சொன்னேன். "அடுப்பு பத்திக்கிச்சா சார்?" என்றார்.

சாயங்காலம் மூன்று பேரும் கேட்டோம். என்னை அதே நாற்காலியில் உட்கார வைத்தாள். பூங்கொடி கையில் கரண்டியோடு எனக்குப் பின்னால் நின்றுகொண்டாள். உட்காரச் சொன்னால், அடுப்பில் குழம்பு இருக்கிறது என்றாள்.

குரல் வந்தது. முன்னாலிருந்து வந்தது. எதிர்ச் சுவரோரம், நாட்காட்டிக்குக் கீழே, பூங்கொடியே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்பது போல இருந்தது. இந்தக் குரலை நான் முகத்துக்கு நேராகக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தேன். குழாயடிச் சண்டை மாதிரி எல்லாம் இல்லை. நல்லாத்தான் இருந்தது.

"அம்மா எங்கப்பா கேக்கறா?" என்றாள் வினு.

"நடுவுல. சத்தியமா நடுவுல."

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த மொத நாள், ஒயர் தப்பா இருந்தப்பவும் நட்ட நடுவுலன்னுதானே சொன்னீங்க? அப்ப அம்மா அங்க இருந்திருக்கவே முடியாது. நிஜமா உங்களுக்கு எங்கப்பா கேட்டுச்சு?"

பின்னால் கரண்டி அசையாமல் நின்றது தெரிந்தது.

"எனக்கென்ன சாமி தெரியும்? டிரைவிங் ஸ்கூல் ஆளு" என்றேன்.

வினு சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். கரண்டியும் குழம்பைப் பார்க்கப் போனது. வாய் வரைக்கும் வந்து, சொல்லாமல் விழுங்கியதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். பின்னாலதான் சாமி கேட்டுச்சு. ஆனா உங்கம்மா எனக்கு எப்பவுமே அங்கிருந்துதானே கேக்கறா, அதுல ஒரு தப்பு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.